ஓனர் ஒரு வாரம் வராவிட்டால் ஷாப் நிற்கிறது. உங்கள் இடத்தில் எப்படி?

பீன்யா_டர்னிங்

வணக்கம். பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் சின்ன ஜாப் ஒர்க் ஷாப் (மற்ற கம்பெனிகள் தரும் டிராயிங்படி உதிரிபாகம் செய்யும் பட்டறை) வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின் (சி.என்.சி டர்னிங்) இரண்டு, மில்லிங் மெஷின் (வி.எம்.சி) ஒன்று, அப்பா காலத்து லேத் ஒன்று. என்னோடு பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பம்ப், வால்வ் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்ச் செய்து கொடுக்கிறோம். ஆர்டருக்குக் குறைவில்லை.

போன மழைக்காலத்தில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆட்கள் ஒழுங்காக வந்தார்கள், மெஷினும் ஓடியது. அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஷாப் நின்றுவிட்டது. முடிந்த சரக்கு பேக் ஆகி வாசலில் கிடந்தது. சரக்கை வண்டியில் அனுப்பத் தேவையான ஜி.எஸ்.டி சீட்டான ஈ-வே பில் போட ஓ.டி.பி என் போனுக்கு வரும், போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு மனைவி என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு பழைய கஸ்டமர் கோட்டேஷன் கேட்டு மெயில் போட்டிருந்தார், பதில் போகாததால் அந்த வேலை வேறு ஷாப்புக்குப் போனது. இன்னொரு கம்பெனி டிராயிங்கில் ஒரு டயாவை (விட்ட அளவை) மாற்றி, திருத்திய டிராயிங்கை (புது ரிவிஷனை) எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது. ஷாப்பில் பழைய ரிவிஷனில் லாட் (ஒரே தடவையில் ஓட்டும் பீஸ்கள்) முழுக்க ஓடி ரிஜெக்ட் ஆனது.

தை மாதம் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மாற்று அறுவை சிகிச்சை. ஆரணியில் இருக்கிறார், நான் ஒரே பிள்ளை. குறைந்தது ஒரு மாதமாவது அவரோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஷாப்பை யாரை நம்பி, எதை எழுதிக்கொடுத்து விட்டுப் போவது? சொந்தத் தொழில் செய்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஓசூர்_ரோடு

ஒரு மேனேஜரைப் போடுங்கள் சார். எவ்வளவு நாள்தான் எல்லாவற்றையும் நீங்களே தூக்கிச் சுமப்பீர்கள்?

பீன்யா_டர்னிங்

போடலாம் சார். டிராயிங் படித்து, ரேட் போட்டு, கஸ்டமரிடம் பேசத் தெரிந்த ஆள் மாதம் ஐம்பது, அறுபதாயிரம் கேட்கிறார். அவ்வளவு கொடுத்தால் எனக்கு வீட்டுக்கு எடுத்துப்போக மிஞ்சாது. இன்னொரு கவலையும் இருக்கிறது. கஸ்டமரை நேரில் அறிமுகப்படுத்தி, ரேட்டையும் காட்டிவிட்டால், இரண்டு வருஷத்தில் அவரே பக்கத்துத் தெருவில் ஷெட் எடுத்துவிடுவார்.

முன்னாள்_செட்டர்

நான் பல வருஷம் பீன்யாவில் ஒரு ஷாப்பில் செட்டராகவும் (ஒவ்வொரு வேலைக்கும் மெஷினைத் தயார்செய்து கொடுப்பவர்) அப்புறம் சூப்பர்வைசராகவும் இருந்தவன். இப்போது ஆந்திரஹள்ளியில் சொந்தமாக இரண்டு மெஷின் ஓட்டுகிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்ல முடியும்.

ஓனர் இல்லாத நாளில் சூப்பர்வைசர் ஏன் முடிவு எடுக்காமல் நிற்கிறார்? தெரியாததனால் இல்லை. நான் வேலை செய்த இடத்தில் ஒருமுறை டிஸ்பாட்ச் தள்ளிப்போகக் கூடாது என்று இரண்டு ஆபரேட்டருக்கு ஓவர்டைம் சொல்லி லாட்டை முடித்துக் கொடுத்தேன். மறுநாள் ஓனர் எல்லார் முன்னாலும், “யாரைக் கேட்டு ஓவர்டைம் கொடுத்தாய்?” என்றார். சரக்கு நேரத்துக்குப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றுவதற்குக்கூட அவருக்குப் போன் போட்டேன். அவரோ வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், “நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நகராது” என்று வருத்தப்பட்டுக்கொள்வார்.

பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கையிலேயே வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் ஷாப்பில் இருக்கிறவர்களிலேயே மூத்த செட்டர் ஒருவர் இருப்பார் இல்லையா? வெளியிலிருந்து ஆள் தேடும் முன்னால் அவரைக் கூப்பிட்டு நான்கு விஷயத்தை எழுத்தில் கொடுங்கள். எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் டூல், இன்சர்ட், கூலன்ட் வாங்கலாம். எப்போது ஓவர்டைம் சொல்லலாம். சந்தேகம் வந்தால் லாட்டை நிறுத்திவைக்கலாம், அதற்காக யாரும் திட்டமாட்டார்கள். கஸ்டமர் போன் செய்தால் டெலிவரி தேதி சொல்லலாம். அவர் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆனால் எடுத்த முடிவை ஆட்கள் முன்னால் மாற்றிவிடாதீர்கள்.

அடுத்தது, ஆள் கற்றுக்கொண்டு போய்விடுவான் என்கிற பயம். அரசு மெஷின் டூல் கம்பெனியான எச்.எம்.டி 1953-ல் பெங்களூரில் தொடங்கியது, அடுத்த வருஷம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியான பி.இ.எல் வந்தது. இரண்டும் பீன்யாவை ஒட்டிய ஜாலஹள்ளியில்தான். அங்கேயும், டெலிபோன் தயாரித்த ஐ.டி.ஐ, விமானம் செய்யும் எச்.ஏ.எல்லிலும் கை பழகியவர்கள் வெளியே வந்து ஷெட் போட்டார்கள், அவர்களிடம் கற்றவர்கள் அடுத்த ஷெட் போட்டார்கள். இந்த ஊரில் மெஷின் தொழில் வளர்ந்த வழியே இதுதான். போகிறவன் நீங்கள் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் போவான், ஒன்றும் கற்காமல் மனக்கசப்போடு போவான். என் பழைய ஓனருக்கும் எனக்கும் இன்று நல்ல உறவு இருக்கிறது. அவருக்கு வேலை அதிகமானால் எனக்கு அனுப்புகிறார், என்னிடம் இல்லாத மெஷினுக்கு நான் அவரிடம் போகிறேன்.

மாவுக்கடை_அல்சூர்

அண்ணா, உங்கள் மெஷின் வேலை எனக்குத் தெரியாது. அல்சூரில் இட்லி தோசை மாவு அரைத்து அபார்ட்மென்ட்களுக்கும் இரண்டு மூன்று பி.ஜி விடுதிகளுக்கும் கொடுக்கிறேன். மூன்று அக்காமார் என்னோடு வேலை செய்கிறார்கள். எங்கள் தொழிலில் எல்லாமே “கைப்பக்குவம்” என்பார்கள். அதனால் அடுத்தவர் கையில் விட முடியாது என்று நானும் பல வருஷம் நம்பியிருந்தேன்.

நான் முதலில் வாங்கியது ஒரு எடை மெஷின்தான். ஊறவைக்கும் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, அரைக்கும்போது விடும் தண்ணீர் எல்லாவற்றையும் நான் கையால் அள்ளிப் போடுவேன், அக்கா நிறுத்து எழுதுவார். சில வாரம் இப்படி எழுதியதும் ஒன்று தெரிந்தது. பெரும்பாலான நாள் என் கை ஒரே அளவைத்தான் அள்ளுகிறது. மாறுவது இரண்டே சந்தர்ப்பத்தில். ஒன்று குளிர். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் இரவில் மாவு பொங்க ரொம்ப நேரம் பிடிக்கும், ஏப்ரலில் விடிவதற்குள் வழிந்துவிடும், கிரைண்டர் சூட்டுக்கு ஐஸ் தண்ணீர் விட வேண்டும். இன்னொன்று உளுந்து மூட்டை மாறும்போது. புது உளுந்தும் பழைய உளுந்தும் ஒரே அளவு தண்ணீர் இழுக்காது.

குளிருக்கும் வெயிலுக்கும் தனித்தனி அட்டை எழுதிச் சுவரில் மாட்டிவிட்டேன். புது மூட்டை பிரிக்கும் அன்று முதல் ஈடு மட்டும் நான் அரைப்பேன், தண்ணீர் அளவை எழுதிவைப்பேன். மற்ற நாள் அவர்கள் பாடு. என் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் நிம்மதியாக இருந்துவிட்டு வந்தேன், யாரும் மாவு சரியில்லை என்று சொல்லவில்லை.

இன்னொன்று அண்ணா. ஆர்டர் எல்லாம் என் சொந்த நம்பருக்கு வந்துகொண்டிருந்தது. கடைக்குத் தனி நம்பர் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் போட்டேன். ஒரு கணக்கை முக்கிய போனைத் தவிர இன்னும் நான்கு கருவியில் இணைக்கலாம். இப்போது வரும் ஆர்டரை மூன்று பேருமே பார்க்கிறார்கள். உங்களுக்கு மட்டும் டிராயிங் வந்து லாட் போன கதையைப் படித்ததும் இதுதான் தோன்றியது.

கணக்கு_ராஜாஜிநகர்

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதி, ரிட்டர்ன் போடும் வேலை என்னுடையது. முதலில் தைக்கு முன்னால் செய்ய வேண்டியவை.

ஈ-வே பில் போர்ட்டலில் சப்-யூசர் உருவாக்க வழி இருக்கிறது. உங்கள் ஆளின் போன் நம்பரைக் கொடுத்தால் அவர் லாகினுக்கு ஓ.டி.பி அவருக்கே வரும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு 2025 ஏப்ரல் முதல் எல்லாருக்கும் கட்டாயம் ஆகிவிட்டது. அதனால் ஒரே போனை நம்பி இருப்பது முன்பைவிட ஆபத்து. ஜி.எஸ்.டி போர்ட்டலிலும் இன்னொருவரை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பக்காரராகச் சேர்க்கலாம். மனைவியைச் சேருங்கள்.

பேங்க்கில் கரன்ட் அக்கவுன்ட்டை இயக்க இன்னொருவருக்கு மேண்டேட் கடிதம் கொடுக்கலாம். நெட் பேங்கிங்கில் ஒருவர் பேமென்ட் உருவாக்கி இன்னொருவர் அனுமதிக்கும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். கணக்கு எழுதும் பெண் உருவாக்கட்டும், நீங்கள் ஆரணியிலிருந்து போனில் அனுமதித்தால் போதும்.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஷாப் தனி உரிமையாளர் நிறுவனம் என்று நினைக்கிறேன். சட்டப்படி உங்களுக்கும் ஷாப்புக்கும் வேறுபாடு கிடையாது. மேண்டேட், பவர் ஆஃப் அட்டர்னி இரண்டும் நீங்கள் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். உரிமையாளர் காலமானால் அந்த நாளே அவை முடிந்துவிடும். தொழிலைத் தொடர வாரிசு புது ஜி.எஸ்.டி பதிவு எடுக்க வேண்டும். பழைய பதிவில் மிச்சம் இருக்கும் உள்ளீட்டு வரி வரவை (வாங்கியவற்றுக்குக் கட்டிய, கழித்துக்கொள்ளக்கூடிய ஜி.எஸ்.டி) ஐ.டி.சி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கும் கம்பெனிகளில் வெண்டார் கோடு (சப்ளையர் நம்பர்) புதிதாகப் போட வேண்டும். அதுவரை ஆட்கள் சம்பளத்துக்கு அந்தக் குடும்பம் எங்கே போகும்? கணவர் போன துக்கத்தோடு பாஸ்வேர்டு நோட்டைத் தேடி அலைந்த பெண்களை என் மேஜைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். தனி உரிமையாளரின் கரன்ட் அக்கவுன்ட்டுக்கும் நாமினி போடலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. இந்த வாரமே பேங்க்குக்குப் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள்.

அச்சகம்_ஸ்ரீராமபுரம்

எல்லாரும் சொல்வதைப் படித்தேன். எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு.

ஸ்ரீராமபுரத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கோவில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பில் புக் இவைதான் வேலை. கூழ் ஊற்றும் விழாவுக்கு நோட்டீஸ் வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்கு வந்து நிற்பார்கள். அவர்கள் எழுதிக்கொண்டு வரும் தமிழில் ஒற்றெழுத்துத் திருத்துவது நான், உபயதாரர் பெயரை எந்த வரிசையில் போட்டால் சண்டை வராது என்று சொல்வதும் நான். அவர் பெயரை மேலே போடு, இவர் தாத்தா காலத்திலிருந்து தேர் வடம் பிடிக்கிறவர் என்பதெல்லாம் எந்த அட்டையில் எழுதிச் சுவரில் மாட்ட முடியும்? பெரிய பிரஸ்ஸில் விலை குறைவு என்று தெரிந்தும் அவர்கள் என்னிடம் வருவது இதற்காகத்தான். சிறு தொழில் முதலாளியை நம்பி இருப்பதை ஒரு நோய் போலப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் ஒரு வேதனையையும் சொல்லிவிடுகிறேன். மகன் ஒயிட்ஃபீல்டில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான், அச்சகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதில் எனக்குக் கோபம் இல்லை. விற்றுவிடலாம் என்று பேச்சு எடுத்தபோது, வந்தவர் ஆஃப்செட் மெஷினுக்கும் கட்டிங் மெஷினுக்கும் மட்டும் விலை சொன்னார். இத்தனை வருஷப் பெயர், வாடிக்கை எதற்கும் ஒரு பைசா கிடையாது. “அவர்கள் உங்களுக்காக வருகிறார்கள் ஐயா, நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு ஏன் வருவார்கள்?” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

முன்னாள்_செட்டர்

ஐயா, நீங்கள் சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். உபயதாரர் வரிசை தெரிந்தவரிடம்தான் மக்கள் போவார்கள், அதை விடவே கூடாது. ஆனால் அதே அச்சகத்தில் பேப்பர் வாங்குவது, பிளேட் அனுப்புவது, பாக்கி வசூலிப்பது ஆகியவற்றுக்கும் நீங்களே வேண்டும் என்றால், அதற்காக யாரும் உங்களைத் தேடி வரவில்லையே. அந்த வேலைகள் சும்மா உங்களுக்காகக் காத்துக்கிடக்கின்றன. பீன்யா சாருக்கும் அதே கேள்விதான். கஷ்டமான ஃபிக்சர் (ஜாப்பைப் பிடித்துவைக்கும் சாதனம்) வேலையில் அவர் கை வேண்டும், சரி. ஈ-வே பில்லுக்கு எதற்கு?

இப்போது நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். மேனேஜருக்குக் கொடுக்க மிஞ்சாது என்று சார் எழுதியிருந்தார். ஏன் மிஞ்சவில்லை என்று பார்ப்போம். உதாரணக் கணக்குதான், அவரவர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வி.எம்.சி-க்கு மாதத் தவணை 60,000. ஷெட் வாடகையில் அதன் பங்கு 15,000. கரன்ட் 18,000. இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர் 44,000. டூல், இன்சர்ட், கூலன்ட் 20,000. இன்ஸ்பெக்ஷன், கணக்கு, ஆபீஸ் பங்கு 23,000. மொத்தம் 1,80,000. இரண்டு ஷிஃப்ட், 25 நாள் என்றால் 400 மணி நேரம். செட்டிங், பிரேக்டவுன், மெட்டீரியல் வராமல் நிற்பது எல்லாம் போக 300 மணி நேரம் உருப்படியாக ஓடும். மணிக்கு 600 ரூபாய் விழுகிறது.

பெரும்பாலான ஷாப்களில் இந்த 600-க்கு மேல் கொஞ்சம் மார்ஜின் வைத்துக் கோட் செய்கிறார்கள். இந்தப் பட்டியலில் ஓனர் சம்பளம் எங்கே? காலை எட்டு மணிக்கு வந்து இரவு பத்து மணிக்குப் போகும் ஆளுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. “மார்ஜின்தானே எனக்கு” என்பார்கள். அந்த மார்ஜினில்தான் ரிஜெக்ஷனும் லேட் பேமென்டும் ஸ்பிண்டில் ரிப்பேரும் போகிறது. ஓனர் செய்யும் வேலைக்கு மாதம் 60,000 என்று வைத்து மூன்று மெஷினுக்குப் பிரித்தால் மெஷினுக்கு 20,000. மொத்தம் 2,00,000. அதை 300 ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 667. அந்த 67 ரூபாயை ரேட்டில் சேர்க்காதவரை உங்கள் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்கப் பணம் எங்கிருந்தும் வராது. ஓனர் ஓசியில் வேலை செய்தால்தான் ஓடும் என்று ரேட்டிலேயே எழுதிவைத்துவிட்டு, அப்புறம் ஆள் கிடைக்கவில்லை என்று தேடுகிறோம்.

பீன்யா_டர்னிங்

இதைப் படித்துவிட்டு நேற்று இரவு என் எண்களைப் போட்டுப் பார்த்தேன் அண்ணா. உங்கள் உதாரணத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் மார்க்கெட் ரேட் என்று ஒன்று இருக்கிறதே. மணிக்கு 667 என்று கோட் செய்தால் பக்கத்து ஷெட்டில் 620-க்குச் செய்வார்.

முன்னாள்_செட்டர்

அவரும் தன் சம்பளத்தைப் போடவில்லை, அதனால்தான் 620. அந்த மார்க்கெட் ரேட்டை உருவாக்கியதே நம்மைப் போல ஓனர் உழைப்பைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான்.

எல்லா வேலைக்கும் ஒரே நாளில் ஏற்றச் சொல்லவில்லை. லாட் அளவைப் பாருங்கள். செட்டிங்குக்கு மூன்று மணி நேரம் என்றால் 600 ரேட்டில் 1,800 ரூபாய். 500 பீஸ் லாட்டில் பீஸுக்கு மூன்று ரூபாய் அறுபது காசு. அதே வேலை 20 பீஸ் என்றால் பீஸுக்கு 90 ரூபாய். இந்த 90 ரூபாயைக் கேட்க வெட்கப்பட்டு, “பழைய கஸ்டமர், போகட்டும்” என்று நிறைய பேர் விடுகிறோம். இப்படிப்பட்ட சின்ன லாட்தான் ஓனரைப் பிடித்து வைத்திருக்கிறது, ஏனென்றால் அதற்குப் புரோகிராம் போடுவதும் செட்டிங் போட நிற்பதும் அவர்தான். அதற்குச் செட்டிங் சார்ஜைத் தனியாகக் காட்டி முதலில் கேளுங்கள். கொடுக்காதவர்கள் போனால் உங்கள் நேரம் மிஞ்சும்.

கணக்கு_ராஜாஜிநகர்

ரேட் பேச்சில் பாக்கியையும் சேர்க்க வேண்டும். ஓனர் நகர முடியாமல் இருப்பதற்கு வசூல் ஒரு பெரிய காரணம். சூப்பர்வைசர் போன் செய்தால் அக்கவுன்ட்ஸில் எடுக்க மாட்டார்கள், ஓனர் நேரில் போய் நின்றால்தான் செக் எழுதுவார்கள்.

2006-ன் எம்.எஸ்.எம்.இ.டி சட்டப்படி, உத்யம் பதிவு (அரசின் சிறு தொழில் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல், பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு போர்ட்டலில் புகார் கொடுத்தால், பாக்கி வழக்குகளை விசாரிக்கும் மாநில வசதிக் கவுன்சிலுக்குப் போகும். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இவ்வளவு இருந்தும் புகார் கொடுக்க யாரும் முன்வருவதில்லை. அந்தக் கஸ்டமர் அத்தோடு போய்விடுவார் என்ற பயம்தான், அது நியாயமான பயம்.

அதைவிட எளிதாக வேலை செய்வது வருமான வரியில் வந்த 43பி(எச்) விதி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ கெடுவுக்குள் பணம் தராமல் வருஷ முடிவிலும் பாக்கி வைத்தால், வாங்கிய கம்பெனி அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே வெண்டாரின் உத்யம் நம்பரைத் தேடுகிறார். உங்கள் இன்வாய்ஸ் ஒவ்வொன்றிலும் உத்யம் நம்பரையும் கெடு தேதியையும் அச்சடித்துவிடுங்கள். பாக்கிப் பட்டியலை மாதம் ஒருமுறை மெயிலில் அனுப்பும் வேலையைக் கணக்குப் பெண்ணிடம் கொடுங்கள். நேரில் போய் நிற்பது குறையும்.

ஓசூர்_ரோடு

மனைவியைப் பார்ட்னராகச் சேர்த்துவிட்டால் எல்லாச் சிக்கலும் தீராதா?

கணக்கு_ராஜாஜிநகர்

பாதிதான் தீரும் சார். இரண்டே பேர் உள்ள பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் காலமானால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஃபர்ம் நீடிக்காது, ஒரே ஆள் பார்ட்னர்ஷிப் நடத்த முடியாது. மூன்றாவது ஆள் இருந்து, ஒருவர் இறந்தாலும் ஃபர்ம் தொடரும் என்று பத்திரத்தில் இருந்தால் தொடரலாம். எல்.எல்.பி (பொறுப்பு வரம்புள்ள பார்ட்னர்ஷிப்) என்றால் ஒருவர் போனாலும் நிறுவனம் நிற்கும், ஆறு மாதத்துக்குள் இன்னொரு பார்ட்னரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தில் வந்த ஒரு நபர் கம்பெனியில் தொடங்கும்போதே நாமினி பெயர் கொடுப்பது கட்டாயம். செலவும் ஃபைலிங்கும் கூடும். தைக்கு முன்னால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். நாமினி, மேண்டேட், சப்-யூசர் மூன்றும் இப்போது போதும்.

வெண்டார்_பக்கம்

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வெண்டார் டெவலப்மென்ட் வேலை, அதாவது சப்ளையர் ஷாப்களைத் தேர்ந்தெடுப்பது. உங்களைப் போன்ற ஷாப்களுக்குத்தான் பி.ஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போடுகிறோம்.

ஆடிட்டுக்கு வரும்போது நாங்கள் மெஷினை மட்டும் பார்ப்பதில்லை. ஆபரேட்டரிடம் ஒரு கேள்வி கேட்டால் அவர் ஓனர் முகத்தைப் பார்க்கிறாரா, தானே பதில் சொல்கிறாரா என்று பார்ப்போம். டிராயிங் ரிவிஷன் எங்கே எழுதியிருக்கிறது, பழைய டிராயிங்கை யார் எடுத்துக் கிழிக்கிறார்கள் என்று கேட்போம். எல்லாம் ஓனர் போனில் இருந்தால், எவ்வளவு நல்ல ஷாப்பாக இருந்தாலும் முக்கியமான பார்ட்டுக்கு இரண்டாவது வெண்டாரைத் தேடச் சொல்லி எழுதிவிடுவோம். அவருக்கு உடம்புக்கு வந்தால் எங்கள் அசெம்பிளி லைன் நின்றுவிடும்.

அதனால் இரண்டாவது ஆளை அறிமுகப்படுத்தினால் கஸ்டமர் போய்விடுவார் என்று நினைக்காதீர்கள், எங்களுக்கு அது நிம்மதி. ஷாப்புக்கு ஒரு பொது மெயில் ஐ.டி வையுங்கள். “டிராயிங் இந்த மெயிலுக்கு மட்டும், வாட்ஸ்அப்பில் வந்தால் ஓட்ட மாட்டோம்” என்று எழுதிக் கேளுங்கள். எங்கள் பக்கத்து ஆட்களும் அவசரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள், அது எங்கள் பக்கத் தவறுதான். ரிவிஷன் மாற்றத்தை முறையாக மெயிலில் அனுப்பாமல் லாட்டை ரிஜெக்ட் செய்தால் நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்.

பீன்யா_டர்னிங்

உங்கள் பதில் பெரிய தெம்பு கொடுத்தது சார். மூத்த செட்டரிடம் பேசிவிட்டேன். அவர் ராய்ச்சூர்க்காரர், அப்பா இருந்த காலத்திலிருந்து இருக்கிறார். ரூபாய் வரம்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “சார், லாட்டை நிறுத்தினால் நிஜமாகவே திட்ட மாட்டீர்களா?” என்பதுதான்.

ஒரு சந்தேகம். செட்டிங் ஷீட்டை எந்த மொழியில் எழுதுவது? எங்கள் ஷாப்பில் இரண்டு பேர் தமிழ், மூன்று பேர் வட கர்நாடகம், மீதி ஒடிசா, பீகார். பேச்சில் எல்லாம் கலந்து ஓடிவிடுகிறது, எழுத்தில் வரும்போது சிக்கல்.

முன்னாள்_செட்டர்

எழுத்தைக் குறையுங்கள். ஜாப் கிளாம்ப் செய்திருக்கும் நிலையில் ஒரு போட்டோ, டூல் வரிசை நம்பர், ஆஃப்செட் (அளவு தொடங்கும் புள்ளி) எங்கே தொட வேண்டும் என்று சிவப்பு வட்டம், முதல் பீஸில் அளக்க வேண்டிய டயா எண்கள். எண்ணும் படமும் எல்லாருக்கும் புரியும். எந்த கேஜ் (அளவு பார்க்கும் கருவி) என்பதற்கு கேஜ் மேலேயே கலர் பெயின்ட் அடித்துவிடுங்கள். அதிகம் ஓடும் பார்ட்டில் ஆரம்பியுங்கள், எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எழுத உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். முதல் பீஸ் ஓகே என்று செட்டர் கையெழுத்துப் போட்ட பிறகே லாட் ஓட வேண்டும். அந்தக் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள், ஊரில் இருக்கும்போதும்.

மாவுக்கடை_அல்சூர்

அண்ணா, தைக்குக் காத்திருக்காமல் இப்போதே ஒரு வாரம் பெங்களூரிலேயே இருந்துகொண்டு ஷாப்புக்குப் போகாமல் இருந்து பாருங்கள். எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஏதாவது பெரிதாக ஆனால் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

அச்சகம்_ஸ்ரீராமபுரம்

இந்தப் பிள்ளை சொல்வது நல்ல யோசனை. நானும் என்னிடம் வேலை செய்யும் பையனுக்குப் பேப்பர் கணக்கும் பாக்கி நோட்டும் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். அவனுக்கு அச்சு வேலை மேல் ஆசை இருக்கிறது. மகனுக்கு வேண்டாம் என்றால் இவனுக்குத் தவணையில் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். கணக்கு சார், அதற்கு எப்படிப் பத்திரம் போடுவது என்று ஒருநாள் உங்களைக் கேட்க வேண்டும்.

கணக்கு_ராஜாஜிநகர்

கட்டாயம் வாருங்கள் ஐயா. முதலில் அவரைப் பார்ட்னராகச் சேர்த்து, வருஷா வருஷம் பங்கைக் கூட்டிக்கொண்டே போகும் வகையில் எழுதலாம். வாடிக்கையாளர்கள் உங்களோடு சேர்த்து அவரையும் பார்த்துப் பழக இரண்டு மூன்று திருவிழா சீசன் வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்வோம்.

பீன்யா_டர்னிங்

வெண்டார் சார், கடைசியாக ஒன்று. செட்டிங் சார்ஜைத் தனியாகக் காட்டிப் புது ரேட் கேட்பதாக இருந்தால் எப்போது, எப்படி அனுப்பினால் பர்ச்சேஸில் எடுத்துக்கொள்வார்கள்?

வெண்டார்_பக்கம்

ஏப்ரலில் புது ரேட் காண்ட்ராக்ட் போடும் கம்பெனி என்றால் ஜனவரி கடைசிக்குள் அனுப்புங்கள், மார்ச்சில் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது. “விலைவாசி ஏறிவிட்டது” என்று ஒரு வரிக் கடிதம் வந்தால் ஓரமாக வைத்துவிடுவோம். சைக்கிள் டைம் (ஒரு பீஸ் ஓடும் நேரம்), மணி ரேட், லாட் அளவு, செட்டிங், டூலிங் என்று பிரித்துக் காட்டினால் நான் அதை வைத்து உள்ளே பேச முடியும். 20 பீஸ் லாட்டுக்கு ஒரு விலை, 100-க்கு ஒன்று, 500-க்கு ஒன்று என்று மூன்று அடுக்காகக் கொடுங்கள். எங்கள் பிளானிங் ஆட்களே லாட்டைச் சேர்த்துக் கொடுக்கப் பார்ப்பார்கள். கடிதத்தில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே செட்டர் பெயரையும் டெக்னிக்கல் கான்டாக்ட் என்று போட்டு அனுப்புங்கள்.